தினமும் இணையத்தில் உலாவ உங்களுக்குப் பிடித்த தளங்கள் எவை?

எல்லோருக்கும் தெரிந்த தேடுபொறி, காணொளித் தளம், சமூக ஊடகம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, நீங்களாகத் தேடிப்போகும் தளங்களைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு விடை என்னிடம் தயாராகவே இருந்தது. காரணம், சில மாதங்களுக்கு முன்புதான் உலாவியில் குவிந்துகிடந்த புக்மார்க்குகளைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். பதினைந்து வருடக் குப்பை, நானூற்றுச் சொச்சம். ஒவ்வொன்றாகத் திறந்தால் பாதிக்கு மேல் செத்துப்போயிருந்தன. சிலவற்றில் முகவரி அதேதான், உள்ளே போனால் சூதாட்ட விளம்பரம். உயிரோடு இருந்தவற்றிலும் நான் உண்மையில் போய்வருகிறவை எத்தனை என்று எண்ணினேன். ஒரு டஜன் சொச்சம்தான் தேறியது.

தேறியவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒரு குணம் இருந்தது. வந்த வேலை முடிந்ததும் நம்மைக் கிளம்பவிடுகின்றன. "இதையும் பாருங்கள்" என்று கையைப் பிடித்து இழுப்பதில்லை, மணியடித்துக் கூப்பிடுவதில்லை. எனக்கு ஒரு தளம் பிடிக்க அதுவே போதும்.

செத்த தொடுப்புகளைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, அங்கிருந்தே தொடங்குகிறேன். இணைய ஆவணகம், அதாவது இன்டர்நெட் ஆர்க்கைவ், நடத்தும் வேபேக் மெஷின். ப்ரூஸ்டர் காலே 1996-இல் தொடங்கிய ஆவணகம் இது. சேமித்த பக்கங்களைப் பொதுமக்கள் பார்க்க 2001-இல் திறந்துவிட்டார்கள். 2025 அக்டோபரில் சேமிப்பு ஒரு லட்சம் கோடிப் பக்கங்களைத் தொட்டது. செத்த முகவரியை அதில் ஒட்டினால் மேலே வருடங்கள் வரிசையாக வரும், கீழே நாட்காட்டி விரியும். எந்தத் தேதியில் பக்கத்தைப் பிரதி எடுத்தார்களோ அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம். நீல வட்டம் என்றால் பக்கம் ஒழுங்காகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. பச்சை என்றால் வேறு முகவரிக்குத் திருப்பிவிடுகிறது. ஆரஞ்சும் சிவப்பும் பிழைகள். அவற்றைத் தொட வேண்டாம். இது தெரியாமல் ஆரம்பத்தில் ஆரஞ்சு வட்டத்தைத் தட்டித் தட்டி "ஒன்றுமே வரவில்லையே" என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

என் புக்மார்க்குகளில் ஒரு கட்டுரை இருந்தது. பழைய வானொலிப் பெட்டியை வீட்டிலேயே பழுது பார்ப்பது எப்படி என்று யாரோ ஒருவர் பொறுமையாக எழுதியது. அவர் முகவரிக்கான பணத்தைக் கட்டாமல் விட்டிருப்பார் போல, தளமே போய்விட்டது. வேபேக்கில் ஒரே ஒரு நீல வட்டம். படங்கள் எல்லாம் உடைந்த கட்டங்களாக நின்றன. எழுத்து ஒன்றுகூடக் குறையவில்லை. அன்றிலிருந்து ஒரு பழக்கம்: நல்ல கட்டுரை எதைப் படித்தாலும், அதே தளத்தில் "சேவ் பேஜ் நவ்" என்ற பெட்டியில் முகவரியைப் போட்டுவிடுவேன். உள்நுழைந்தால்தான் தெரியும் பக்கங்களுக்கு இது உதவாது. மற்றவற்றுக்கு, புக்மார்க் போடுவதைவிட இது கெட்டி.

அப்புறம் விக்கிப்பீடியா. "இதெல்லாம் ஒரு பரிந்துரையா" என்று கேட்பீர்கள். நான் அதை முக்கால்வாசி நேரம் அகராதியாகத்தான் பயன்படுத்துகிறேன். ஒரு ஆங்கிலக் கலைச்சொல்லுக்குத் தமிழ் தெரியவில்லை என்று வையுங்கள். பொது மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டால் பல நேரம் ஒலியை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதித் தள்ளிவிடும். அதற்குப் பதிலாக அந்தச் சொல்லுக்கான ஆங்கிலக் கட்டுரையைத் திறந்து, மொழிப் பட்டியலில் தமிழைத் தட்டுங்கள். வரும் கட்டுரையின் தலைப்பே உங்கள் சொல். என்சைம் கட்டுரையிலிருந்து தாவினால் நொதியம் வரும். நொதி என்றும் எழுதுகிறோம், அது வேறு கதை. எது உங்கள் வாசகருக்குப் பழக்கமோ அதை எடுத்துக்கொள்ளலாம். செடி, பறவை, பூச்சிப் பெயர்களுக்கு இந்த வித்தை இன்னும் நன்றாக எடுபடும். இடையில் அறிவியல் பெயர் ஒன்று நிற்பதால் ஆள் மாறாட்டம் நடப்பது குறைவு.

சர்ச்சையான விஷயம் என்றால் கட்டுரையைப் படிப்பதற்கு முன் மேலே உள்ள உரையாடல், வரலாறு என்ற இரண்டு தாவல்களைப் பார்த்துவிடுவேன். எந்த வாக்கியத்துக்காக அடித்துக்கொள்கிறார்கள், எது நேற்றுச் சேர்க்கப்பட்டது எல்லாம் அங்கே தெரிந்துவிடும். கட்டுரையைவிட அது சுவாரசியமாக இருந்த நாட்களும் உண்டு.

சொல் என்றதும் இன்னொன்று. சிகாகோ பல்கலைக்கழகம் நடத்தும் தெற்காசிய மின்னகராதிகள் தளம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி முழுவதும் அதில் தேடக் கிடைக்கிறது. லட்சத்துக்கு மேல் சொற்கள். வின்சுலோ, ஃபெப்ரீஷியஸ் அகராதிகளும் உண்டு. தளத்தின் தோற்றம் இருபது வருடப் பழசு. அதனாலேயே சட்டென்று திறக்கிறது. ஒரு சொல்லைத் தேடப்போய், பக்கத்துச் சொல்லில் மாட்டிக்கொள்வதுதான் இதிலுள்ள ஒரே ஆபத்து. அப்படி மாட்டியதுதான் 'அலமரல்'. சுழற்சி, மனச்சுழற்சி என்று பொருள் போட்டிருந்தார்கள். ராத்திரி படுக்கையில் கட்டைவிரலால் திரையைத் தள்ளிக்கொண்டே கிடப்போமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

அந்த அலமரலிலிருந்து என்னை மீட்டது ஒரு பழைய தொழில்நுட்பம். ஆர்எஸ்எஸ் எனப்படும் செய்தியோடை, அதாவது ஒரு தளத்தில் புதிதாக வருவதை நம்மிடம் தானாகக் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாடு. 1999-இல் நெட்ஸ்கேப் உலாவியின் காலத்தில் பிறந்தது. இந்த ஓடைகளைப் படிக்கப் பலரும் பயன்படுத்திய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டபோது இதன் கதையும் முடிந்தது என்றார்கள், முடியவில்லை. இன்றைக்கும் பெரும்பாலான வலைப்பதிவுகளும் பல செய்தித் தளங்களும் ஓடையைக் கொடுக்கின்றன. நீங்கள் கேட்கும் பாட்காஸ்ட்டுகள் அத்தியாயம் அத்தியாயமாக வந்து சேர்வதும் பெரும்பாலும் இதன் வழியாகத்தான். ஃபீட்லி, இனோரீடர் போன்ற ஏதாவது ஒரு வாசிப்பானில் கணக்குத் தொடங்கி, பிடித்த தளங்களின் முகவரிகளைச் சேர்த்துவிட்டால் போதும். யார் புதிதாக எழுதினாலும் நேர வரிசைப்படி ஒரே இடத்தில் வந்து நிற்கும். எது முக்கியம் என்று வேறு யாரும் முடிவு செய்து முன்னால் தள்ளுவதில்லை. எல்லாவற்றையும் படித்துவிட்டால் பட்டியல் காலி! காலியான பட்டியலைப் பார்த்து எத்தனை நாளாகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: யூடியூப் அலைவரிசைகளையும் இப்படிச் சேர்க்கலாம். வாசிப்பானில் அலைவரிசையின் முகவரியை ஒட்டினால் அதுவே ஓடையைக் கண்டுபிடித்துக்கொள்ளும். புதுக் காணொளி வந்தால் மட்டும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். முகப்புப் பக்கத்தில் கால் வைக்கவே வேண்டாம். ஆரம்பத்தில் நான் செய்த தவறு, அறுபது எழுபது தளங்களை ஒரே நாளில் சேர்த்தது. ஒரு வாரத்தில் படிக்காதவை ஆயிரத்தைத் தாண்ட, வாசிப்பானைத் திறக்கவே பயமாகிவிட்டது. மாதத்துக்கு நாலு தடவை எழுதுகிறவர்களாகப் பார்த்துச் சேருங்கள். மணிக்கு நாலு செய்தி போடும் தளம் எதையும் சேர்க்காதீர்கள்.

அடுத்தது பொழுதுபோக்கு இல்லை, கொஞ்சம் கசப்பு மருந்து. ஹேவ் ஐ பீன் போன்ட். பெயரைப் பார்த்து விளையாட்டுத் தளம் என்று நினைத்துவிட வேண்டாம். பாதுகாப்பு வல்லுநர் ட்ராய் ஹன்ட் 2013-இல் தொடங்கியது. மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால், எந்தெந்தத் தளங்களிலிருந்து கசிந்த தரவுகளில் அது இருக்கிறது, கூடவே கடவுச்சொல் போனதா, பிறந்த தேதி போனதா என்றெல்லாம் பட்டியல் போடும். என் முகவரியைப் போட்டபோது, நான் சேர்ந்ததையே மறந்துபோன ஒரு விவாதத் தளத்தின் பெயர் வந்தது. அங்கே வைத்த கடவுச்சொல்லைத்தான் வேறு மூன்று இடங்களிலும் வைத்திருந்தேன். அன்றைய சாயங்காலம் முழுக்க மாற்றுவதற்கே சரியாகப் போனது.

"கடவுச்சொல்லையே அந்தத் தளத்தில் போட்டுச் சோதிக்கலாம் என்கிறார்களே, அதுவே திருட்டுத்தனம் இல்லையா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான சந்தேகம்தான். நடப்பது இதுதான்: நீங்கள் தட்டும் சொல் உங்கள் உலாவிக்குள்ளேயே நாற்பது எழுத்து நீளமுள்ள ஒரு குறியீடாக மாற்றப்படுகிறது. அதில் முதல் ஐந்து எழுத்துகள் மட்டும்தான் தளத்துக்குப் போகும். அந்த ஐந்தில் தொடங்கும் கசிந்த குறியீடுகள் அத்தனையும், மொத்தமாக, திரும்பி வரும். உங்களுடையது அதில் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை உங்கள் கணினியிலேயே முடிந்துவிடும். யார் என்ன கடவுச்சொல்லைச் சோதித்தார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. இந்த ஏற்பாட்டைப் படித்த பிறகுதான் எனக்கு அந்தத் தளத்தின் மேல் மரியாதை வந்தது.

இதே குடும்பத்தில் வைரஸ்டோட்டல். சந்தேகமான தொடுப்பு வந்தால் தட்டுவதற்கு முன் அங்கே ஒட்டிப் பாருங்கள். எழுபதுக்கு மேற்பட்ட பாதுகாப்பு நிறுவனங்களின் தீர்ப்பு ஒரே பக்கத்தில் வரும். ஆனால் சொந்த ஆவணங்களை அதில் ஏற்றாதீர்கள். ஏற்றும் கோப்புகள் பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும்.

படத்தில் சின்னச் சின்னத் திருத்தங்களுக்கு ஃபோட்டோபீ. ஃபோட்டோஷாப் கோப்பையே திறந்துவிடும். படம் உங்கள் கணினியைவிட்டு எங்கும் போவதில்லை, எல்லாம் உலாவிக்குள்ளேயே நடக்கிறது. ஓரத்தில் விளம்பரம் உண்டு, பொறுத்துக்கொள்ளலாம்.

வேலை எதுவும் இல்லாதபோது திறப்பவை மூன்று. ஒன்று, 'நல்ஸ்கூல்' என்ற பெயரில் தேடினால் வரும் பூமி உருண்டை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை மெல்லிய கோடுகளாக ஓடவிட்டிருப்பார்கள். புயல் காலத்தில் திறந்தால், வடக்கு அரைக்கோளத்துப் புயல் கடிகாரத்துக்கு எதிர்த்திசையிலும் தெற்கில் உள்ளது கடிகாரத் திசையிலும் சுற்றுவதை ஒரே உருண்டையில் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். எந்தப் புள்ளியைத் தொட்டாலும் அங்கே காற்றின் வேகம் தெரியும். இந்தப் படத்தைச் செயற்கைக்கோள் எடுத்தது என்று சொல்லி வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இல்லை, வானிலைக் கணிப்பு மாதிரியின் எண்களை வைத்து வரைவது.

இரண்டாவது ரேடியோ கார்டன். அதுவும் உருண்டைதான். பச்சைப் புள்ளி ஒவ்வொன்றும் ஓர் ஊர். புள்ளியை நடுவட்டத்துக்குக் கொண்டுவந்தால் அந்த ஊர் வானொலி நேரலையில் பாடும். மொழி புரியாத ஊரின் காலைச் செய்தியைக் கேட்டுக்கொண்டு துணி மடிப்பது எனக்குப் பிடித்த வேலை. மூன்றாவது, நாசாவின் 'இன்றைய வானியல் படம்'. 1995 ஜூன் 16-இல் தொடங்கியது. ஒரு நாளைக்கு ஒரு படம், கீழே வானியலாளர் எழுதிய ஒரு பத்தி விளக்கம், அவ்வளவுதான். நாளைக்குத்தான் அடுத்தது.

பழைய தமிழ் நூல்களுக்கு 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம். தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த உரை என்பதால் படமாக இல்லாமல் எழுத்தாகவே இருக்கிறது. பாதி நினைவிருக்கும் பாட்டு எதில் வருகிறது என்று பார்க்க, நூலைத் திறந்து கண்ட்ரோலையும் எஃப்-ஐயும் அழுத்தினால் வேலை முடிந்தது. சந்தி பிரித்தும் பிரிக்காமலும் இருக்கும் என்பதால் முழுச்சொல்லைத் தேடாமல் நடுவிலுள்ள மூன்று நாலு எழுத்துகளை மட்டும் தேடுங்கள்.

கடைசியாக, தமிழில் எழுதுகிறவர்களுக்கு நாவி. எழுதியதை ஒட்டினால் வல்லினம் மிகும் இடம், மிகாத இடம் பார்த்துச் சொல்லும் சந்திப்பிழை திருத்தி. எழுத்துப்பிழைக்கு வாணி என்று தனியாக ஒன்று இருக்கிறது. இரண்டும் சொல்வதை எல்லாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. சில இடங்களில் எனக்கும் நாவிக்கும் ஒத்துப்போகாது. இந்தப் பதிலையும் அதில் ஒட்டிப் பார்த்தேன். ஒற்று விட்ட இடங்கள் ஒன்பதைக் காட்டியது. ஏழைத் திருத்தினேன், இரண்டில் நான் எழுதியதே சரி என்று விட்டிருக்கிறேன். எந்த இரண்டு என்று கண்ணில் பட்டால் சண்டைக்கு வாருங்கள்.