பயந்த சுபாவமுள்ள பெண் மயக்க மருந்து டாக்டர் ஆகலாமா?

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகள் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறாள், எம்.டி.க்கு மயக்கவியல்தான் வேண்டும் என்கிறாள், அதையும் தாண்டி மூளை அறுவை சிகிச்சைக்கான மயக்கவியலில் டி.எம். வரை போக ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டீர்கள். "கரப்பான் பூச்சிக்கே அலறுவாள். நாலு பெரியவர்கள் இருக்கிற இடத்தில் வாயே திறக்க மாட்டாள். மண்டையைத் திறந்து வைத்திருக்கும்போது திடீரென்று ஏதாவது ஆகிவிட்டால் இவளால் சமாளிக்க முடியுமா?"

கரப்பான் பூச்சி விஷயத்தை விட்டுவிடலாம். பூச்சிக்குப் பயப்படுகிற எத்தனையோ பேர் தினமும் ரத்தத்தோடு வேலை செய்கிறார்கள். நீங்கள் இரண்டாவதாகச் சொன்னதுதான் யோசிக்க வேண்டியது. பெரியவர்கள் முன்னால் வாய் திறக்காத குணம் இந்த வேலைக்கு உண்மையிலேயே ஒரு இடைஞ்சல். ஆனால் அது மாற்றக்கூடிய குணம். அதை மாற்றுவதற்கென்றே ஒரு பயிற்சி முறை இருக்கிறது. ஒரு தடவை அதை நேரில் பார்த்திருக்கிறேன்.

முதலில் வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன். ஊசி போட்டுத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆபரேஷன் முடியும் வரை நோயாளியின் மூச்சு, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு எல்லாம் மயக்க டாக்டரின் பொறுப்பு. மூளை ஆபரேஷனில் இது இன்னும் நுணுக்கம். மண்டை ஓடு ஒரு மூடிய பெட்டி. உள்ளே மூளை, ரத்தம், மூளையைச் சுற்றியுள்ள நீர், இவை மூன்றும் அளவாக அடைந்திருக்கின்றன. ஒன்று கூடினால் இன்னொன்று குறைய வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தம் ஏறிவிடும். ரத்தத்தில் கரியமில வாயு கொஞ்சம் கூடினாலே மூளையின் ரத்தக் குழாய்கள் விரிந்து மூளை புடைக்கும். அதனால் மூச்சு மெஷினில் செய்கிற சின்ன மாற்றம்கூட சர்ஜனின் கண்ணுக்கு நேராகத் தெரியும். போதாததற்கு, தலைப்பக்கம் முழுவதும் சர்ஜனுடைய இடம். மூச்சுக் குழாய் துணிக்கு அடியில் இருக்கும். வழக்கமாகத் தலைமாட்டில் நிற்கிற மயக்க டாக்டர் இங்கே பக்கவாட்டில் ஒதுங்கி, மானிட்டரை வைத்தே உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இதில் வரும் ஆபத்துகள் அடிக்கடி வருபவை அல்ல. சிக்கலே அதுதான். மூன்று வருட எம்.டி. படிப்பில் சிலவற்றை ஒரு தடவைகூடப் பார்க்காமல் போகலாம். அப்புறம் ஏதோ ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு, தனியாக டியூட்டியில் இருக்கும்போது அது வந்து நிற்கும். வருகிறபோது கற்றுக்கொள்ளலாம் என்று விட முடியாது. அதனால்தான் பொம்மையை வைத்துப் பழக்குகிறார்கள். சிமுலேஷன் என்பது இதுதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவமனையில் அப்படி ஒரு பயிற்சியைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அறை நிஜ ஆபரேஷன் தியேட்டர் மாதிரியே இருந்தது. பச்சைத் துணி போர்த்திய ஒரு பொம்மை. அதற்கு நெஞ்சு ஏறி இறங்கும், நாடி துடிக்கும். மூளையின் பின்பகுதியில் கட்டி, நோயாளியை உட்கார்ந்த நிலையில் வைத்து ஆபரேஷன் நடக்கிறது என்பது கதை. ஒரு சீனியர் சர்ஜனாக நடித்தார். மயக்க மெஷின் பக்கத்தில் இரண்டாம் வருட பி.ஜி. மாணவி ஒருத்தி. உங்கள் மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும்.

உட்கார்ந்த நிலையில் தலை இதயத்தைவிட உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய சிரை திறந்துகொண்டால் ரத்தம் வெளியே வருவதைவிடக் காற்று உள்ளே இழுக்கப்படும் அபாயம் அதிகம். உடம்பின் மற்ற சிரைகள் ஓட்டை விழுந்தால் தளர்ந்து சுருங்கிவிடும். மண்டைக்குள் இருக்கும் பெரிய சிரைகள் கடினமான உறையோடு ஒட்டியிருப்பதால் வாயைத் திறந்தபடியே நிற்கும். உள்ளே போன காற்று இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போய் அடைக்கும். இதைத்தான் ஏர் எம்பாலிசம் என்பார்கள். மானிட்டரில் அதன் முதல் அடையாளம், நோயாளி வெளிவிடும் கரியமில வாயுவின் அளவு சட்டென்று சரிவது.

அன்றைக்கு அந்த எண் 35லிருந்து 28, 22 என்று இறங்கியது. அந்தப் பெண் மானிட்டரைப் பார்த்தாள். குனிந்து குழாய் இணைப்பைத் தொட்டுப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள், மறுபடி மானிட்டரைப் பார்த்தாள். அதற்குள் ஆக்சிஜன் அளவும் இறங்க ஆரம்பித்தது. அந்த மானிட்டரின் டிக் டிக் சத்தம் ஆக்சிஜன் குறையக் குறையச் சுருதி இறங்கும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே வயிற்றைப் பிசைந்தது. சர்ஜனாக நடித்தவர் தலை நிமிராமல் வேலையைத் தொடர்ந்துகொண்டிருந்தார். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆன பிறகுதான் அவள் மெல்ல, "சார்... ஏர் போயிருக்குமோ?" என்றாள். அவருக்குக் கேட்கவில்லை.

பொம்மையின் இதயம் நின்றது. விளக்குகள் எரிந்தன.

அதற்கப்புறம் நடந்ததுதான் இந்தப் பயிற்சியின் உயிர். எல்லோரும் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். யாரும் திட்டவில்லை. பயிற்சி நடத்திய பேராசிரியை அவளிடம் கேட்டது ஒரே கேள்வி: "எண் 28க்கு வந்தப்போ உன் மனசுல என்னம்மா ஓடிச்சு?" அவள் கொஞ்சம் அழுதாள். பிறகு சொன்னாள்: "அப்பவே ஏர் எம்பாலிசம்னு தோணுச்சு மேடம். ஆனா தப்பா இருந்தா, சும்மா ஆபரேஷனை நிறுத்திட்டேன்னு சார் கோபப்படுவாரோன்னு..."

பார்த்தீர்களா அம்மா, அவளுக்குப் பாடம் தெரிந்திருந்தது, வாய்தான் வரவில்லை. பெரியவர்கள் வேலை செய்யும்போது குறுக்கே பேசக்கூடாது என்று நாம் எல்லோரும் சொல்லித்தானே பெண் பிள்ளைகளை வளர்த்திருக்கிறோம்? நானும் என் மகளிடம் சொன்னவன்தான்.

அன்று மாலையே அதே பயிற்சியை மறுபடி நடத்தினார்கள். எண் சரிய ஆரம்பித்ததும் அவள் சத்தமாகச் சொன்னாள்: "சார், நிறுத்துங்க. ஏர் எம்பாலிசம். அந்த இடத்தை சலைன் ஊற்றி நிரப்புங்க." அடுத்த மூச்சில் முழு ஆக்சிஜனுக்கு மாற்றினாள், கழுத்துச் சிரைகளை அழுத்தச் சொன்னாள், டேபிளின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தச் சொன்னாள், கழுத்து வழியாகப் போட்டிருந்த குழாயில் சிரிஞ்சைப் பொருத்திக் காற்றை உறிஞ்சிப் பார்த்தாள். நர்ஸிடம் அட்டையை எடுத்துப் படிக்கச் சொன்னாள். மெஷின் பக்கத்தில் லேமினேட் செய்து தொங்கவிட்டிருக்கும் அவசரகால அட்டை அது. பதற்றத்தில் மனப்பாடம் கைவிடும் என்பதால் ஒருவர் வரிசையாக வாசிக்க, இன்னொருவர் செய்வார். காலையில் பார்த்த பெண்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இந்த முறை விமானத் துறையிலிருந்து வந்தது. 1977இல் ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவில், ஓடுபாதையிலேயே இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். மற்ற விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று, புறப்பட்டுக்கொண்டிருந்த விமானத்தின் பொறியாளர் சந்தேகப்பட்டுக் கேட்டார். அனுபவம் மிக்க கேப்டன் விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொல்ல, அதோடு பேச்சு நின்றது. இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகு, கீழே இருப்பவர் தயங்காமல் சொல்லவும் மேலே இருப்பவர் காது கொடுக்கவும் விமானிகளுக்குத் தனிப் பயிற்சி வந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் டேவிட் காபா என்கிற மயக்கவியல் டாக்டரும் அவருடைய குழுவும் 1980களின் பிற்பகுதியிலிருந்து அதை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுவந்தார்கள். மருத்துவத்தில் இந்தப் பயிற்சியை முன்னெடுத்த துறைகளில் முதல் வரிசையில் இருப்பது மயக்கவியல். உங்கள் மகள் தேர்ந்தெடுத்திருப்பது பயத்தை மறைக்கச் சொல்லாமல் அதற்கு வழிமுறை வகுத்துக் கொடுத்த துறை.

காற்று போவது மட்டுமல்ல, வேறு கதைகளையும் வைத்துப் பழக்குவார்கள். ரத்தக் குழாய் வீக்கம் ஆபரேஷன் நடுவிலேயே வெடிப்பது, மூளை திடீரென்று புடைத்துக்கொள்வது, சர்ஜன் ஒரு நரம்பைத் தொட்டதும் இதயத்துடிப்பு சட்டென்று இறங்குவது. நோயாளியை விழிக்க வைத்துப் பேச்சுக் கொடுத்தபடியே செய்கிற ஆபரேஷனில் வலிப்பு வந்தால் திறந்திருக்கும் மூளையின்மேல் குளிர்ந்த சலைனை ஊற்றுவார்கள். அதையும் பழக்கலாம். அங்கே பொம்மைக்குப் பதில் ஒரு ஆளே நோயாளியாக நடிக்கலாம்.

இன்னொன்றையும் அன்று பார்த்தேன். நோயாளி குப்புறப் படுத்திருக்கிறார், தலை இரும்புப் பிடியில் ஊசிகளால் இறுக்கப்பட்டிருக்கிறது, இதயம் நின்றுவிட்டது. திருப்பிப் போட நேரம் பிடிக்கும் என்பதால் தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகிலேயே அழுத்த ஆரம்பித்தார்கள். ஒருவர் எண்ணிக்கொண்டே அழுத்த, இன்னொருவர் திருப்பிப் போட ஸ்ட்ரெச்சரைக் கேட்டார். வெளியே போய்ப் பார்த்தால் ஸ்ட்ரெச்சர் இல்லை. யாரோ வேறு வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். பொம்மைக்கு இதயம் நின்ற அன்று அது தெரிந்தது. குப்புறப் படுக்க வைத்துச் செய்யும் ஆபரேஷன் முடியும் வரை ஸ்ட்ரெச்சர் வாசலை விட்டு நகரக்கூடாது என்று அன்றே எழுதி ஒட்டினார்கள்.

சரி, இனி நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருகிறேன்.

எம்.டி. மூன்று வருடம். அதற்கு நீட் பி.ஜி. அல்லது எய்ம்ஸ், ஜிப்மர் போன்ற நிறுவனங்களுக்கான ஐ.என்.ஐ. தேர்வு. அதன்பின் நியூரோ மயக்கவியலில் டி.எம். இன்னொரு மூன்று வருடம், அதற்கும் தனியாக நுழைவுத் தேர்வுகள் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனமும் இந்தத் துறைக்குப் பெயர் பெற்றவை. ஓராண்டு ஃபெல்லோஷிப் பயிற்சியும் சில இடங்களில் இருக்கிறது. நம் பக்கத்திலும் மூளை அறுவை சிகிச்சைக்குப் பழைய வேர் உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் 1949இல் ஜேக்கப் சாண்டியும், அடுத்த ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் தொடங்கி வைத்தது அது. டி.எம். பற்றி இப்போதே முடிவெடுக்க வேண்டாம். எம்.டி.யில் நியூரோ தியேட்டர் டியூட்டி வரும், அதைப் பார்த்த பிறகு அவளுக்கே தெரியும்.

எம்.டி. சீட் எடுக்கும்போதுதான் கவனம் வேண்டும். கட்டடத்தையும் பெயரையும் பார்த்து ஏமாறாதீர்கள். கல்லூரிகளில் ஸ்கில் லேப், அதாவது பொம்மைகளை வைத்துப் பழகும் கூடம், இருக்க வேண்டும் என்பது விதி, அதனால் எங்கே கேட்டாலும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். பல லட்சம் ரூபாய்க்கு வாங்கிய பொம்மை உறை பிரிக்காமல் அலமாரியில் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். அங்கே படிக்கும் பி.ஜி. மாணவர் ஒருவரையாவது பிடித்து உங்கள் மகளைப் பேசச் சொல்லுங்கள். போன வருடத்தில் எத்தனை தடவை உன் முறை வந்தது என்று கேட்கட்டும். சர்ஜன்களும் நர்ஸ்களும் கூட வந்து கலந்துகொள்கிறார்களா, மயக்கவியல் ஆட்கள் மட்டும் தங்களுக்குள் செய்துகொள்கிறார்களா என்று கேட்கட்டும். முடிந்த பிறகு உட்கார்ந்து பேச எவ்வளவு நேரம் தருகிறார்கள் என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். பத்து நிமிட நாடகத்துக்கு அரை மணி நேரமாவது பேச்சு இருந்தால் நல்ல இடம். எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துகிற இடம் என்று தெரிந்தால் எவ்வளவு விலை உயர்ந்த பொம்மை இருந்தாலும் வேண்டாம். ஒரு டேப்லெட்டில் மானிட்டர் ஆப், நெஞ்சு அழுத்திப் பழகும் சாதாரண பொம்மை, அக்கறையுள்ள ஒரு ஆசிரியர், இவ்வளவு இருந்தாலே நல்ல பயிற்சி கொடுக்க முடியும்.

நோயாளி எண்ணிக்கையும் வேண்டும். பொம்மையிடம் மட்டும் பழகியவர் டாக்டர் ஆகிவிட முடியாது. பொம்மையின் நாளம் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும், வியர்த்துக் குளிர்ந்த கை எப்படி இருக்கும் என்பதை அது சொல்லித்தராது. நியூரோ சர்ஜரி வாரத்துக்கு எத்தனை நடக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளட்டும்.

கஷ்டங்களையும் மறைக்க மாட்டேன். ராத்திரி டியூட்டி உண்டு. பத்து மணி நேரம் நீளும் ஆபரேஷன்களும் உண்டு. குணமாகி வீட்டுக்குப் போகிறவர் சர்ஜனின் கையைப் பிடித்துக் கும்பிடுவார், மயக்க மருந்து கொடுத்தவர் யார் என்று பெரும்பாலும் தெரியாமலே போவார். அது மனதை உறுத்துமா என்று அவளிடமே கேளுங்கள்.

வீட்டில் ஒன்று செய்யலாம். சாப்பாட்டு நேரத்தில் அப்பா ஏதாவது தவறாகச் சொன்னால் அவள் திருத்தட்டும், "பெரியவங்ககிட்ட எதிர்த்துப் பேசாதே" என்று தடுக்காதீர்கள். சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் 28 என்ற எண்ணைப் பார்த்ததும் வாய் வர வேண்டுமென்றால், அதற்கு முன் எங்கேயாவது வாய் வந்து பழகியிருக்க வேண்டும்.

ஹவுஸ் சர்ஜன் வருடத்தில் மயக்கவியல் போஸ்டிங் இரண்டு வாரம் வரும். அந்த நாட்களில் ஒரு மூளை ஆபரேஷனை ஆரம்பம் முதல் கடைசி வரை, மானிட்டரை விட்டுக் கண் எடுக்காமல் நின்று பார்க்கச் சொல்லுங்கள். புரியாத எண் எதுவாக இருந்தாலும் அங்கேயே, அப்போதே வாய்விட்டுக் கேட்கட்டும். போஸ்டிங் முடிந்ததும் எனக்கு ஒரு கடிதம் வேண்டும். அம்மா, அதை நீங்கள் எழுதாதீர்கள். அவளே எழுதட்டும்.