மாருதி 800: ரிவர்ஸ் போட்டா கரகரங்குது, கியர்பாக்ஸ் இறக்கணுமா?

அண்ணே, எஞ்சின் ஆஃப்ல எல்லா கியரும் லேசா விழுது, ஸ்டார்ட் பண்ணுனா ஃபர்ஸ்ட் கட்டியா இருக்கு, ரிவர்ஸ் கரகரன்னு கடிக்குதுன்னு எழுதியிருக்கீங்க, அப்போ மார்த்தாண்டத்துல மெக்கானிக் சொன்னாருன்னு கியர்பாக்ஸ இப்பவே இறக்காண்டாம், பெடல மிதிச்சாலும் கிளட்ச் எஞ்சின முழுசா விடலன்னுதான் எனக்குத் தோணுது.

ஐடில்ல வச்சு கிளட்ச அடி வரைக்கும் மிதிச்சு அஞ்சு செகண்ட் பொறுத்து ரிவர்ஸ் போடுங்க. ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர் சேரும் முன்னாடி வேகத்த ஒண்ணாக்குற வளையம்) கிடையாது, அதனால உள்ள ஷாஃப்ட் நின்னாத்தான் சத்தமில்லாம விழும். பொறுத்தும் கடிச்சா கிளட்ச் இழுக்குது, அதாவது முழுசா விடலன்னு அர்த்தம்.

உங்க வண்டில கேபிள் கிளட்ச்தானே, பானெட்ட திறந்து கியர்பாக்ஸ் பக்கம் கேபிள் முனையப் பாருங்க, கம்பி இழை பிரிஞ்சு நிக்கும், இல்லன்னா நம்ம ஊரு மழையிலயும் கடல் காத்துலயும் துரு ஏறி இறுகியிருக்கும். மாத்த பெரிய செலவில்ல. பெடல்ல ப்ளே (கிளட்ச் பிடிக்கும் முன்னாடி பெடல் சும்மா இறங்குற தூரம்) ஜாஸ்தின்னா அட்ஜஸ்ட் நட்ட கொஞ்சம் முறுக்குங்க, ரொம்ப இறுக்குனா பேச்சிப்பாறை ஏத்தத்துல கிளட்ச் வழுக்கும், எஞ்சின் மட்டும் கத்தும்.

அதுக்கப்புறமும் சரியாவலன்னா கியர் ஆயில வடிச்சுப் பாருங்க. டிரெயின் பிளக்குல சாம்பல் கலர்ல நைசா பசை இருந்தா பயமில்ல, இரும்புத் துண்டு கெடந்தா மட்டும் இறக்கச் சொல்லுங்க.