கரியமில வாயுவை வெயிலும் மின்சாரமும் கொண்டு எரிபொருளாக மாற்ற முடியுமா?

முடியும். நான்கு வருடம் ஆய்வகத்தில் இதே வேலையாக இருந்தவன், என் கையாலேயே செய்திருக்கிறேன். ஆனால் "கரியமில வாயுவிலிருந்து இலவச எரிபொருள்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கரியமில வாயு என்பது எரிந்து முடிந்த சாம்பல் மாதிரி. சாம்பலை மறுபடி விறகாக்க வேண்டுமென்றால் எரியும்போது போன சக்தி முழுவதையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். எரிபொருளாகப் பயன்படும் மெத்தனால் என்ற ஆல்கஹாலை ஒரு கிலோ செய்யக் குறைந்தது 6 யூனிட் மின்சாரம் வேண்டும், நடைமுறையில் அதைவிட நிறையவே ஆகும். நிலக்கரி மின்சாரத்தில் இதைச் செய்தால் பிடித்ததைவிட அதிகப் புகையைத்தான் விடுவோம். வெயில், காற்று, புவிவெப்பம் என்று மிஞ்சுகிற மின்சாரத்தைத் திரவமாகச் சேமித்து வைக்கும் வழி இது, என் பார்வையில் அவ்வளவுதான், ஆனால் அதுவே பெரிய விஷயம். ஐஸ்லாந்தில் 2012-இல் திறந்த ஆலை ஒன்று, புவிவெப்ப மின்சாரத்தால் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுத்து அதைக் கரியமில வாயுவோடு சேர்த்து, மெத்தனால் செய்தது; பின்னால் வருடத்துக்கு 4,000 டன் வரை செய்யும் அளவுக்கு விரிவாக்கப்பட்டது.

ஹைட்ரஜனைத் தனியாக எடுக்காமல், கரியமில வாயுவை நேரடியாக மின்முனையிலேயே (கரைசலுக்குள் மின்சாரம் பாய்ச்சும் உலோகப் பரப்பில்) மாற்றுவதுதான் நான் பார்த்த வேலை. இதில் தாமிரம் ஒரு அதிசயம். தங்கமும் வெள்ளியும் கார்பன் மோனாக்சைடோடு நின்றுவிடும். தாமிரம் அதை இறுக்கிப் பிடிக்காமலும் உடனே விட்டுவிடாமலும் வைத்திருப்பதால் அடுத்த எலக்ட்ரான்கள் ஏறி மீத்தேன், எத்திலீன் வரை போகும். ஜப்பானின் யோஷியோ ஹோரி 1985 வாக்கில் இதைக் காட்டினார். சிக்கல் என்னவென்றால், எத்திலீனின் ஒரு மூலக்கூறுக்கு 12 எலக்ட்ரான் ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும், வழியில் பத்துப் பன்னிரண்டு வேறு பொருள்களும் உருவாகும், பக்கத்திலேயே தண்ணீர் ஹைட்ரஜனாக மாறி மின்சாரத்தைத் தின்றுகொண்டிருக்கும்.

அப்புறம் உப்பு. காலையில் நன்றாக ஓடிய மின்கலம் (மின்முனையும் கரைசலும் உள்ள எங்கள் கருவி) சாயங்காலம் வெறும் ஹைட்ரஜனைத் தரும். பிரித்துப் பார்த்தால் வாயு நுழைய வேண்டிய துளைகளில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும். கரியமில வாயு காரக் கரைசலோடு சேர்ந்து பைகார்பனேட் என்ற உப்பாகப் படிந்தது அது. மின்முனையைக் கழுவி மறுபடி மாட்டுவோம், இரண்டு நாளில் அதே கதை. ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட வேண்டிய ஆலைக்கு இதுதான் உண்மையான தலைவலி என்று நினைக்கிறேன்.

மின்சாரமே இல்லாமல் ஒளியை மட்டும் வைத்துச் செய்வது இன்னும் பின்தங்கியிருக்கிறது. 1979-இலேயே ஜப்பானின் இனோவே, ஃபுஜிஷிமா, கொனிஷி, ஹோண்டா நால்வரும் குறைக்கடத்திப் பொடிகளைத் தண்ணீரில் கலந்து ஒளி பாய்ச்சிச் செய்து காட்டிவிட்டார்கள். ஆனால் எல்லோரும் பயன்படுத்தும் டைட்டானியம் டை ஆக்சைடு புற ஊதாக் கதிரை மட்டுமே உறிஞ்சும், அது வெயிலில் சுமார் 5 சதவீதம்தான், அதனால் கிடைப்பது மைக்ரோமோல் கணக்கு, அதாவது மிக மிக நுண்ணிய அளவு. அவ்வளவு சிறிய அளவில் ஏமாறுவது சுலபம். ஒருமுறை எங்கள் கருவியில் மீத்தேன் தெளிவாக வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். கரியமில வாயுவுக்குப் பதில் கார்பனே இல்லாத ஆர்கான் வாயுவை விட்டுப் பார்த்தோம், அப்போதும் அதே மீத்தேன்! பொடியைத் தயாரித்தபோது ஒட்டிக்கொண்ட ஆல்கஹால் மிச்சம்தான் ஒளியில் சிதைந்து வந்திருக்கிறது. மூன்று மாத வேலை போயிற்று. அன்றிலிருந்து இந்தத் துறையில் எந்தப் புதுச் செய்தி வந்தாலும், கார்பன்-13 என்ற கொஞ்சம் கனமான கார்பன் கொண்ட கரியமில வாயுவை விட்டு, மீத்தேன் அதிலிருந்துதான் வந்தது என்பதற்கு அடையாளமாக அதன் நிறை 16-லிருந்து 17 ஆனதா என்று பார்த்திருக்கிறார்களா என்றுதான் முதலில் தேடுவேன்.