கைபேசியை வாங்கி வைக்கலாம், திறந்து படிக்கலாமா?

கேள்வி: மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு வகுப்பாசிரியையாக இருக்கிறேன். எங்கள் பள்ளிக்குக் கைபேசி கொண்டுவரக் கூடாது. சென்ற மாதம் ஒரு தேர்வின் வினாத்தாள் முன்கூட்டியே வெளியானதாகப் பேச்சு எழுந்தபோது எல்லோருடைய பைகளையும் சோதித்தோம். என் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் கைபேசி இருந்தது. தலைமையாசிரியர் அறையில் அவளே பூட்டைத் திறந்து கொடுத்தாள். நாங்கள் மூன்று பேர் பார்த்தோம். வினாத்தாள் எதுவும் இல்லை. ஆனால் ஒரு பையனோடு நெருக்கமாகப் பேசிய செய்திகள் இருந்தன. தோழிக்கு அனுப்பிய ஒன்றில், தூங்கினால் எழுந்திருக்காமலே போய்விட வேண்டும் என்பதுபோல் ஏதோ எழுதியிருந்தாள். பெற்றோரை வரவழைத்துச் செய்திகளைக் காட்டினோம். மாணவர் மன்றச் செயலாளர் பொறுப்பிலிருந்தும் அவளை நீக்கினோம். இப்போது அவள் என்னிடம் பேசுவதில்லை. வகுப்பே இறுகிக் கிடக்கிறது. விதிகள் கடுமையாக இருப்பது தவறா? இழந்த நம்பிக்கையை எப்படி மீட்பது? பொறுப்பைத் திருப்பிக் கொடுத்தால் விதி தளர்ந்துவிட்டதாக மற்றவர்கள் நினைக்க மாட்டார்களா?

பதில்:

நீங்கள் கேட்ட மூன்றுக்கும் வருகிறேன். முதலில், நீங்கள் கேட்காத ஒன்று. அது இன்றைக்கே செய்ய வேண்டியது.

தூங்கினால் எழுந்திருக்கவே கூடாது என்று ஒரு பெண் எழுதியிருக்கிறாள். அதை மூன்று பெரியவர்கள் படித்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் அதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் கிடைத்திருக்கிறது; அதிலும் 'ஏதோ எழுதியிருந்தாள்'. பையனின் பெயர் கண்ணில் பட்டதும் மற்றதெல்லாம் மங்கிவிட்டது. உங்களைக் குற்றம் சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆலோசகராக நான் போய் உட்கார்ந்த பல பள்ளி அறைகளிலும் இதுதான் நடந்திருக்கிறது. காதல் என்றால் உடனே கூட்டம் கூடும், பெற்றோருக்கு அழைப்பு போகும். சாவைப் பற்றிய வரிக்கு 'இந்த வயதில் இப்படித்தான் எழுதுவார்கள்' என்று சமாதானம் சொல்லிவிடுவோம்.

அவள் உங்களிடம் பேசாவிட்டால், அவளுக்குப் பிடித்த வேறொருவர் பேசட்டும். நூலகராக இருக்கலாம், விளையாட்டு ஆசிரியராக இருக்கலாம், போன வருடம் பாடம் எடுத்தவராக இருக்கலாம். சுற்றி வளைக்க வேண்டாம், "செத்துப்போக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?" என்று நேராகவே கேட்கலாம். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். ஆய்வுகள் அந்த அச்சத்துக்கு இடம் தரவில்லை; கேட்கப்பட்டவர்களில் பலருக்கு அது ஆறுதலாகவே இருக்கிறது. ஆம் என்றோ தெரியவில்லை என்றோ பதில் வந்தால் அவளைத் தனியே விடாதீர்கள். அன்றைக்கே மனநல மருத்துவரிடமோ பயிற்சி பெற்ற ஆலோசகரிடமோ சேர்த்துவிடுங்கள்.

கூடவே இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். அந்தச் செய்திகளைப் பெற்றோர் பார்த்த இரவு வீட்டில் என்ன நடந்தது? அடி விழுந்ததா, படிப்பை நிறுத்தும் பேச்சு வந்ததா, அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்களா? பெற்றோரிடம் சொல்லிவிட்டால் கடமை தீர்ந்தது என்று பள்ளிகள் நினைக்கின்றன. சொன்ன பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன ஆனது என்று பார்ப்பதும் சொன்னவரின் பொறுப்புதான். வீட்டில் ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தால், உங்கள் நாட்டின் குழந்தைப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிப்பதே அடுத்த படி. மறுபடியும் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவது அல்ல.

இனி உங்கள் முதல் கேள்வி. கடுமையான விதி தவறில்லை. நீங்கள் செய்தவற்றை ஒன்றொன்றாகப் பிரித்துப் பாருங்கள். கைபேசி கொண்டுவரக் கூடாது என்பது விதி, அவள் மீறினாள், நீங்கள் வாங்கி வைத்தீர்கள். இதில் எந்தச் சிக்கலும் இல்லை. மாணவர்களே இதைப் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். அதைத் திறந்து படித்தது முற்றிலும் வேறொரு செயல். முதல் செயலுக்கான அதிகாரம் இரண்டாவதற்கும் சேர்த்துக் கிடைத்துவிடவில்லை.

இந்த இடத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் உதவும். அந்தச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாமல் இருக்கலாம். அவர்கள் எழுப்பிய கேள்விகள் எந்தப் பள்ளிக்கும் பயன்படும். 1985-இல் நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஒரு வழக்கு. கழிவறையில் புகைபிடித்ததாகப் பிடிபட்ட 14 வயது மாணவியின் கைப்பையைத் துணைத் தலைமையாசிரியர் சோதித்திருந்தார். சோதனை செல்லும் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் இரண்டு கேள்விகளை வைத்தது: தேடத் தொடங்குவதற்கு நியாயமான காரணம் இருந்ததா? தேடிய அளவு அந்தக் காரணத்துக்குப் பொருத்தமாக இருந்ததா? 2009-இல் அரிசோனா வழக்கு. வலிநிவாரணி மாத்திரை வைத்திருப்பதாகச் சந்தேகப்பட்டு, 13 வயதுச் சிறுமியை உள்ளாடை வரை சோதித்துவிட்டார்கள். அங்கே நீதிமன்றம் எல்லை மீறல் என்று தீர்ப்பளித்தது. சந்தேகம் சிறியது, தேடியதோ மிகப் பெரியது.

உங்கள் அறையில் நடந்ததை இந்த இரண்டு கேள்விகளின் முன் வைத்துப் பாருங்கள். வினாத்தாள் பற்றி ஒரு பேச்சு எழுந்தது. அந்த மாணவிமேல் தனியாக எந்தச் சந்தேகமும் இருந்ததாக நீங்கள் எழுதவில்லை; எல்லோரையும் சோதித்ததில் அவள் அகப்பட்டாள். சரி, தேடினீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். வினாத்தாளைத் தேடியவர்களுக்குத் தோழியோடு பேசிய அந்தரங்க உரையாடலில் என்ன வேலை? தேடியது இல்லை என்று தெரிந்த அந்த நிமிடமே கைபேசியை அணைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு நடந்தது விசாரணை இல்லை, வேடிக்கை பார்த்தது. வார்த்தை கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் அதற்கு வேறு பெயர் இல்லை.

அவளேதானே திறந்து கொடுத்தாள் என்று கேட்பீர்கள். தலைமையாசிரியர் அறையில், மூன்று பெரியவர்கள் நிற்க, மாட்டேன் என்று சொல்ல எந்தப் பதினாறு வயதுப் பிள்ளைக்குத் துணிவு வரும்? ஸ்வீடனில் ஷெலெஃப்டியோ என்ற ஊரின் மேல்நிலைப் பள்ளி ஒன்று 22 மாணவர்களிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டு, முகத்தை அடையாளம் காணும் கேமராவால் சில வாரங்கள் வருகைப் பதிவு எடுத்துப் பார்த்தது. 2019-இல் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் இரண்டு லட்சம் குரோனர் அபராதம் விதித்தது. பள்ளிக்கும் மாணவருக்கும் இடையே அதிகாரம் சமமாக இல்லை, அதனால் அந்த ஒப்புதலை ஒப்புதலாகவே கொள்ள முடியாது என்றது ஆணையம். வருகைப் பதிவுக்கே இப்படி என்றால் அந்தரங்கச் செய்திகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1989-இல் ஏற்கப்பட்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 16-ஆவது பிரிவு குழந்தையின் அந்தரங்கத்திலும் கடிதப் போக்குவரத்திலும் மனம்போனபடி தலையிடக் கூடாது என்கிறது. அமெரிக்காவைத் தவிர ஐ.நா. உறுப்பு நாடுகள் எல்லாமே அதில் இணைந்திருக்கின்றன.

"இவ்வளவு பார்த்தால் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்றே தெரியாமல் போகுமே" என்று உங்கள் தலைமையாசிரியர் கேட்கக்கூடும். ஸ்வீடனின் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு எதிர்பாராத பதிலைத் தந்தது. 14 வயதுப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்தது எந்த வழியாகத் தெரிந்தது என்று பார்த்தார்கள். கேள்வி கேட்டதாலும் கட்டுப்படுத்தியதாலும் தெரிந்ததைவிட, பிள்ளை தானாக வந்து சொன்னதால் தெரிந்ததே அதிகம். ஆய்வு வீட்டைப் பற்றியதுதான். பள்ளியிலும் இதையே நான் பார்க்கிறேன். ஒருமுறை கைபேசியைத் திறந்து பார்த்த பள்ளியில் அடுத்த மாதமே செய்திகளை அன்றாடம் அழிக்கும் பழக்கம் வந்துவிடும். வகுப்பில் ஒரு பிள்ளை கையை அறுத்துக்கொண்டால்கூட ஆசிரியரிடம் ஓடிவந்து சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். உங்கள் வகுப்பின் இறுக்கம் கோபத்தால் மட்டும் வந்ததில்லை. உங்களிடம் எதைச் சொன்னால் அது எங்கே போகும் என்று இப்போது யாருக்கும் தெரியவில்லை.

மாணவர்களுக்குக் கடுமை பிடிக்காது என்பதும் பாதி உண்மைதான். காப்பியடித்தால் பூஜ்யம், அடுத்தவர்மேல் கை வைத்தால் வீட்டுக்கு அனுப்பு என்பவற்றை ஏறக்குறைய எல்லோரும் ஏற்கிறார்கள். யாரோடு நட்பு, நாட்குறிப்பில் என்ன எழுதுவது போன்றவற்றில் பள்ளி நுழையும்போதுதான் முறுக்கிக்கொள்கிறார்கள். வளரிளம் பருவத்தினரிடம் பல ஆண்டுகள் ஆய்வு செய்த உளவியலாளர் ஜூடித் ஸ்மெட்டானா இவற்றை 'சொந்த எல்லை' என்ற பொருளில் தனியே வகைப்படுத்துகிறார். மிகக் கண்டிப்பான ஓர் ஆசிரியரிடம் பிள்ளைகள் ஒட்டிக்கொண்டிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர் எங்கே கண்டிப்பார், எங்கே தலையிட மாட்டார் என்பது அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும்.

நம்பிக்கையை மீட்பது பற்றி. மன்னிப்புக் கேளுங்கள். மன்னிப்புப் போலத் தோன்றும் ஒன்றைக் கேட்காதீர்கள். "எல்லாம் உன் நன்மைக்காகத்தான்" என்ற சொல் வாயில் வரவே கூடாது. "நீ கைபேசி கொண்டுவந்ததால்தானே" என்று பின்னால் ஒட்டுப்போடவும் வேண்டாம். ஏறத்தாழ இப்படிச் சொல்லலாம்: "கைபேசியை வாங்கி வைத்தது சரி. உன் செய்திகளைப் படித்தது தவறு. உன்னிடம் கேட்காமல் வீட்டில் காட்டியதும் தவறு. நான் அங்கே இருந்தேன், தடுக்கவில்லை. என்னை மன்னித்துவிடு." அதோடு நிறுத்துங்கள். அவள் பதில் பேசாமல் போகலாம், அழலாம், "சரி மிஸ்" என்று ஒப்புக்குச் சொல்லலாம். எதையும் எதிர்பார்த்து நிற்காதீர்கள். ஆசிரியர் அறையில் வேண்டாம். அங்கே பத்துக் காதுகள் இருக்கும்.

சொன்னதைச் செயலிலும் காட்ட வேண்டும். அந்தச் செய்திகளை யாராவது படம் எடுத்து வைத்திருக்கிறார்களா? இருந்தால் அழித்துவிட்டு, அழித்ததை அவளிடம் சொல்லுங்கள். எத்தனை பேருக்கு விஷயம் தெரியும் என்று அவள் கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஆசிரியர்களுக்குள் நடக்கும் பேச்சை நிறுத்துங்கள். இதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்று எனக்குத் தெரியும். பள்ளியில் ஒரு ரகசியம் கசிவது கணினியிலிருந்து இல்லை, இடைவேளையில்தான்.

வகுப்புக்கும் நீங்கள் ஒன்று சொல்ல வேண்டும்; அவள் பெயரையோ நடந்ததையோ எடுக்காமல். "என்னிடம் நீங்கள் சொல்வது என்னோடு இருக்கும். மூன்று நேரங்களில் மட்டும் அது முடியாது: உங்கள் உயிருக்கு ஆபத்து என்றால், உங்களை யாராவது துன்புறுத்துகிறார்கள் என்றால், உங்களால் வேறொருவருக்கு ஆபத்து என்றால். அப்போதும் யாரிடம் சொல்லப்போகிறேன் என்பதை முதலில் உங்களிடம்தான் சொல்வேன்." எந்தப் பிள்ளையிடமும் "யாரிடமும் சொல்ல மாட்டேன், சொல்" என்று சத்தியம் செய்யாதீர்கள். ஒருநாள் அதை நீங்கள் மீறியே ஆக வேண்டியிருக்கும். காதல் அந்த மூன்றில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எதிரே இருப்பது வயது வந்தவராக இருந்தாலோ, மிரட்டலோ படம் கேட்கும் வற்புறுத்தலோ இருந்தாலோ அது இரண்டாவதில் வந்துவிடும். அப்போது கட்டாயம் தலையிட வேண்டும்.

நிர்வாகத்திடம் பேசும்போது தத்துவம் பேச வேண்டாம், ஒரு பக்கத் தாள் ஒன்றை எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். குறிப்பிட்ட மாணவர்மேல் குறிப்பிட்ட சந்தேகம் இருந்தால்தான் சோதனை. மாணவர் எதிரில், இரண்டு பெரியவர்கள் முன்னிலையில். ஏன் தேடினோம், என்ன கிடைத்தது என்று பதிவேட்டில் இரண்டு வரி. கைபேசி கிடைத்தால் மாணவர் கையாலேயே அணைக்கச் செய்து, உறையிலிட்டு, ஒட்டி, பெயர் எழுதி, இத்தனை நாளில் திருப்பித் தருவோம் என்று சொல்லிவிட வேண்டும். உள்ளே குற்றம் இருப்பதற்கு வலுவான காரணம் இருந்தால், அதைத் திறப்பது பள்ளியின் வேலை இல்லை. பெற்றோரும் சட்டம் தெரிந்தவர்களும் சேர்ந்து முடிவு செய்யட்டும். உங்கள் நாட்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களைப் பற்றி என்ன சொல்கிறது என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு அந்தத் தாளை முடிப்பது நல்லது.

கடைசியாகச் செயலாளர் பொறுப்பு. பள்ளி விதிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். கைபேசி கொண்டுவந்தால் பொறுப்பு பறிக்கப்படும் என்று அதில் எழுதியிருந்தால், எல்லோருக்கும் அப்படித்தான் செய்திருக்கிறீர்கள் என்றால், தண்டனை நிற்கட்டும். திருப்பிக் கொடுக்க வேண்டாம். எழுதியில்லை என்றால், அவளை நீக்கியது கைபேசிக்காக இல்லை, அதற்குள் நீங்கள் படித்தவற்றுக்காக. உங்கள் வகுப்பு மாணவர்களுக்கு இது முதல் நாளே புரிந்திருக்கும். கைபேசியை வாங்கி வைத்த தண்டனையை அப்படியே வைத்துக்கொண்டு, பொறுப்பை மட்டும் திருப்பிக் கொடுங்கள். வேண்டாம் என்று அவள் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். அடுத்த தேர்தல் வரை அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.