திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

கேள்வி: மகள் புது வீட்டுக்கு ஓர் அரூப ஓவியம் பார்த்து வைத்திருக்கிறாள். சாயத்தைக் கொட்டிவிட்டது போல இருக்கிறது. 'ஊறல் முறை' என்று 40,000 ரூபாய் கேட்கிறார் தரகர். கறைகளைச் சுற்றி எண்ணெய் வளையம் வேறு. இதில் என்னத்தைப் பார்ப்பது? வாங்கலாமா?
- பாளையங்கோட்டை வாசகி

பதில்: வேட்டியில் வாழைக்கறை பட்டால் என்ன தேய்த்தாலும் போகாது. கறை நூலுக்குள் இறங்கிவிட்டது. ஊறல் முறையும் அதுதான் அம்மா. வழக்கமாகத் துணிக்கு வெள்ளைப் பூச்சு கொடுத்து, காய்ந்தபின் அதன் மேல் வரைவார்கள். 1952-இல் நியூயார்க்கில் ஹெலன் பிராங்கென்தாலர் என்ற 23 வயதுப் பெண் பூச்சில்லாத துணியைத் தரையில் விரித்து, டர்பென்டைனில் கரைத்த எண்ணெய் வண்ணத்தை ஊற்றினார். 'மலைகளும் கடலும்' என்ற அந்த ஓவியம் சுமார் 7 அடி உயரம், 10 அடி அகலம்.

அதில் மலை எங்கே என்று தேடினால் தலைவலிதான் மிஞ்சும். நாலெட்டுப் பின்னால் நின்று, ஒரு வண்ணம் இன்னொன்றைத் தொடும் ஓரத்தைப் பாருங்கள். எங்கே ஓடவிட்டார், எங்கே நிறுத்தினார், எங்கே துணியை வெறுமனே விட்டார்? வெற்றுத் துணிக்கும் அங்கே வேலை இருக்கிறது. இதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தந்திருக்கலாம். நம் ஊரில் ஓவிய வகுப்பு வந்தால் கணக்கு வாத்தியார் வந்து நிற்பார்!

வளையத்துக்குப் பயப்பட வேண்டாம். அல்வா பொட்டலக் காகிதத்தில் நெய் படருமே, அதே சங்கதி. ஆனால் எண்ணெய் நாளாக ஆகப் பருத்தித் துணியை இற்றுப்போக வைக்கும். அதனால் எண்ணெய் வண்ணமா, தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக் வண்ணமா என்று கேளுங்கள். பிராங்கென்தாலரே 1960-களில் அக்ரிலிக்குக்கு மாறிவிட்டார்.

என் கவலையெல்லாம் தரகர்மேல்தான். கணினியில் அச்சடித்த படத்தைச் சட்டம் போட்டு, முத்திரை வைத்த சான்றிதழோடு என்னிடமே விற்க வந்தார் ஒருவர். அந்தச் சான்றிதழும் அதே அச்சகத்தில் அடித்ததாக இருக்கும். தட்டிக் கேட்க இங்கே யார்? படத்தைத் திருப்பச் சொல்லுங்கள். ஊறிய சாயம் பின்பக்கமும் தெரியும். பின்பக்கம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒன்றே ஒன்று. துணி நொய்ந்திருந்தால் பலத்துக்காகப் பின்னால் வேறு துணி ஒட்டியிருப்பார்கள். அப்போது நல்ல ஓவியமும் பின்னால் வெள்ளையாகத்தான் தெரியும். சட்டத்தின் பக்கவாட்டில், ஆணி அடித்து மடித்த இடத்தில் பாருங்கள். இரண்டு துணி அடுக்கு தெரிகிறதா? மேல் துணியின் வெட்டு விளிம்பில் நூலின் உள்வரை நிறம் ஏறியிருக்கிறதா? அங்கும் உள்ளே வெள்ளை என்றால் வேண்டாம். புதுப் படத்துக்கு எதற்கு ஒட்டுத்துணி என்றும் கேளுங்கள்.

சரி, வாங்கினால் மேற்கு வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். ஈரத்துணியால் துடைக்கவும் கூடாது. முதலில் பின்பக்கத்தையும் ஓரத்தையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முன்பணம் அப்புறம்.