விமானம் ஏன் சாய்கிறது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

போன வாரம்தான் முதன்முறையாக விமானத்தில் ஏறினேன். இறங்குவதற்கு முன் அது ஒருபக்கமாகச் சாய்ந்து வட்டமடித்தபோது வயிற்றைக் கலக்கிவிட்டது. அப்பாவின் வள்ளத்தில் சுக்கான் பிடித்து வளர்ந்தவன் நான். விமானத்தின் வாலிலும் சுக்கான் இருக்கிறதே, அதைத் திருப்பினால் போதாதா? சாய்ந்தால் சறுக்கி விழுந்துவிடாதா?

எஸ்., தூத்துக்குடி

அன்புள்ள எஸ்.,

சுக்கானைத் திருப்பியதும் வள்ளத்தின் அணியம், அதாவது முன்பகுதி, திரும்புகிறது. உடனே பக்கவாட்டில் தண்ணீர் முட்டுக்கொடுத்து வள்ளத்தைப் புதிய திசைக்குத் தள்ளுகிறது. காற்றில் அந்த முட்டு மிகக் குறைவு. வால் சுக்கானை மட்டும் திருப்பினால் மூக்கு திரும்பும். விமானமோ பழைய திசையிலேயே வழுக்கிக்கொண்டு போகப் பார்க்கும்.

அதைத் திருப்பும் அளவுக்கு வலுவான விசை இறக்கையிடம்தான் இருக்கிறது. மொத்த எடையையும் சுமப்பது அதன் தூக்குவிசை. இறக்கையைச் சாய்த்தால் அந்த விசையும் சாய்ந்து, ஒரு பங்கு விமானத்தை வளைவின் உள்பக்கம் இழுக்கிறது. மேலே தாங்கும் பங்கு குறைந்துவிடுமே என்ற உங்கள் பயம் நியாயமானது. அதனால்தான் விமானி மூக்கைச் சற்றே தூக்கி தூக்குவிசையைக் கூட்டுகிறார். 30 டிகிரி சாய்வுக்கு ஏறக்குறைய 15 சதவீதம் கூடுதல் போதும். 60 டிகிரி என்றால் இருமடங்கு வேண்டும். பயணிகள் விமானங்கள் பொதுவாக 30 டிகிரியைத் தாண்டுவதில்லை. சரியாகத் திரும்பும் விமானத்தில் உங்கள் தம்ளர் தண்ணீர் ஒருபக்கமாக ஒதுங்காது. இருக்கையில் கொஞ்சம் அழுத்துவதுபோல் இருக்கும், அவ்வளவுதான்.

இதற்காக ரைட் சகோதரர்கள் பட்ட பாடு எனக்கு எப்போதும் பெரும் வியப்பு. 1899இல் சைக்கிள் டியூப் வந்த நீளமான அட்டைப்பெட்டியைக் கையில் முறுக்கியபோதுதான் இறக்கையையும் இப்படி முறுக்கி விமானத்தைச் சாய்க்கலாம் என்று வில்பருக்குத் தோன்றியது. 1901இல் மோட்டார் இல்லாத கிளைடரில் ஏறிப் பறந்து அதைச் செய்து பார்த்தார்கள். சாய்ந்தது, ஆனால் மூக்கு எதிர்ப்பக்கம் போனது. உயர்ந்த இறக்கைக்குத் தூக்குவிசை கூடும்போது காற்றின் இழுவையும் கூடி, அது பின்னால் இழுபட்டதே காரணம். அதைத் தடுக்க அடுத்த ஆண்டு அசையாத செங்குத்து வால் வைத்தார்கள். சில முறை தாழ்ந்த இறக்கை சுழன்றபடி போய் மணலில் குத்தியது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கிணறு வெட்டுதல்'. வாலை அசையும்படி செய்யலாம் என்றார் ஆர்வில். இறக்கையை முறுக்கும் கம்பியோடு வாலையும் இணைத்துவிடலாம் என்றார் வில்பர். விமானி படுத்தபடி இடுப்பை நகர்த்தினால் இரண்டும் சேர்ந்து இயங்கின. மோட்டார் வைத்துப் பறப்பதற்கு ஒன்பது மாதம் முன்பே, 1903 மார்ச்சில், காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அவர்கள் உரிமை கேட்டது இந்தக் கட்டுப்பாட்டு முறைக்கு.

அடுத்த முறை இறக்கைக்குச் சற்றுப் பின்னால், ஜன்னலோரமாக உட்காருங்கள். விமானம் உங்கள் பக்கம் சாயத் தொடங்கும்போது இறக்கை நுனிப் பக்கத்தில், பின்விளிம்பில் ஒரு தகடு மேலே எழும். அதுதான் ஏலரான், முறுக்கும் இறக்கையின் இடத்துக்கு வந்தது. வேண்டிய சாய்வு வந்ததும் தகடு ஏறக்குறைய பழையபடி படுத்துவிடும், விமானம் திரும்பிக்கொண்டே இருக்கும். நிமிர்வதற்கு அதே தகடு கீழே இறங்கும்.