அணு எண் வெறும் வரிசை எண்தானா?

வணக்கம் சார்,

மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். தனிம வரிசை அட்டவணையில் ஓர் இடத்தில் நின்றுவிட்டாள். டெல்லூரியத்தின் அணு எடை 127.6, அயோடினுக்கு 126.9. எடை குறைந்த அயோடின் ஏன் பின்னால் இருக்கிறது? அட்டவணை அணு எண்படி அமைந்தது என்கிறது புத்தகம். "வரிசையில் நிற்க வைத்து ஆளுக்கொரு எண்ணைக் கொடுத்துவிட்டு, எண்படிதான் நிற்கிறார்கள் என்றால் அது விளக்கமா அப்பா?" என்கிறாள். என்ன சொல்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். 1913க்கு முன்னால் வேதியியல்காரர்களுக்கு அணு எண் கிட்டத்தட்ட வரிசை எண்ணாகத்தான் இருந்தது.

ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் 1869இல் அட்டவணை போட்டபோது தெரிந்த தனிமங்கள் 63. எடை ஏற ஏற அடுக்கிக்கொண்டே போனார். பழைய குணம் திரும்பி வரும் இடத்தில் வரிசையை மடித்தார். டெல்லூரியத்தில் சிக்கல் வந்தது. அயோடின், குளோரினையும் புரோமினையும் போல ஒரு ஹைட்ரஜனோடு சேரும். டெல்லூரியம், கந்தகத்தையும் செலினியத்தையும் போல இரண்டோடு சேரும். எடைப்படி வைத்தால் இரண்டுமே சொந்தக்காரர்களை விட்டுவிட்டு அடுத்த வீட்டில் போய் உட்கார வேண்டும். மெண்டலீவ் குணத்தை நம்பி இடத்தை மாற்றினார். டெல்லூரியத்தின் எடையைத் தப்பாக அளந்திருக்கிறார்கள் என்று காரணம் சொன்னார். வைத்த இடம் சரி, சொன்ன காரணம் தவறு. டெல்லூரியம் அயோடினைவிடக் கனமானதுதான்.

சரி, உண்மையான காரணம் என்ன? 1913இல் இங்கிலாந்தில் ஹென்றி மோஸ்லி என்ற இளைஞர் ஒவ்வோர் உலோகத்தின் மேலும் எலக்ட்ரான்களை மோத விட்டு, அதிலிருந்து கிளம்பும் எக்ஸ் கதிர்களைப் புகைப்படத் தகட்டில் பிடித்தார். தனிமத்துக்கு இரண்டு கோடுகள் விழுந்தன. கால்சியத்திலிருந்து படங்களை ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்தால் கோடுகள் படிக்கட்டு மாதிரி நகர்கின்றன. கால்சியத்துக்கும் டைட்டானியத்துக்கும் நடுவே மட்டும் இரட்டைத் தாவல். ஸ்காண்டியத்தை அவர் அளக்கவில்லை, அதன் படி காலியாக நிற்கிறது. கடைசிப் படத்தில் துத்தநாகத்துக்காக அவர் வைத்தது பித்தளை. அதனால் செம்பின் கோடுகளும் அதில் சேர்ந்தே விழுந்தன. அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

அந்தக் கதிர்களின் அதிர்வெண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்தால், ஒரு தனிமத்திலிருந்து அடுத்ததற்கு ஒரே அளவு கூடுகிறது. அணுக்கருவின் மின்சுமை ஒன்று ஒன்றாக ஏறுகிறது என்பதுதான் அதன் பொருள். கோபால்ட்டும் நிக்கலும்கூட எடையில் முன்பின்னாக இருப்பவை: 58.93, 58.69. மோஸ்லியின் படிக்கட்டில் கோபால்ட்தான் முதலில் வருகிறது. அந்த மின்சுமைதான், அதாவது கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கைதான், அணு எண். ஆக, அதை ஆய்வுக்கூடத்தில் அளந்து எடுக்கலாம். அட்டவணையையே பார்க்காத ஒருவர் அளந்தாலும் டெல்லூரியத்துக்கு 52, அயோடினுக்கு 53 என்றுதான் வரும்.

அப்புறம் இன்னொரு வசதியும் வந்தது. படிகளை எண்ண முடிந்ததால், காணாமல் போனவற்றையும் எண்ண முடிந்தது. 43, 61, 75 ஆகிய இடங்கள் காலி என்று மோஸ்லி 1914இல் சொன்னார். 75 ஆன ரீனியம் 1925இலும், 43 ஆன டெக்னீசியம் 1937இலும், 61 ஆன புரோமித்தியம் 1945இலும் கிடைத்தன. ஒன்றைக்கூட அவர் பார்க்கவில்லை. 1915 ஆகஸ்டில் கலிப்போலி போர்முனையில் குண்டு பாய்ந்து இறந்தார். வயது 27. இதை எழுதும்போதும் மனசு கனக்கிறது.

எடைக் குழப்பத்துக்குக் காரணம், கருவில் மின்சுமை இல்லாமல் எடையை மட்டும் கூட்டும் நியூட்ரான்கள். இயற்கையில் கிடைக்கும் அயோடின் எல்லாமே 74 நியூட்ரான் கொண்டது. டெல்லூரியத்தில் பெரும்பங்கு 76, 78 நியூட்ரான் கொண்ட அணுக்கள். புரோட்டான் ஒன்று குறைவு, ஆனாலும் சராசரி எடை கூடிவிடுகிறது.

மகளை ஆர்கானையும் பொட்டாசியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். எடை 39.95, 39.10. எடைப்படி வைத்தால், எதனோடும் எளிதில் சேராத ஆர்கான் சோடியத்துக்குக் கீழே போய்விடும், தண்ணீர் பட்டாலே தீப்பிடிக்கும் பொட்டாசியம் நியானுக்குக் கீழே வந்துவிடும்.

அன்புடன்.